அம்பின் முனையும் டிரில்லின் பிட்டும்

 

பள்ளிவாசலிலோ கடைத்தெருவிலோ அம்புகளை ஏந்திச் செல்பவர், பிறர்மீது பட்டுக் காயம் நேராதிருக்க, அவற்றின் முனைகளைக் கையால் பற்றிக்கொள்ள வேண்டுமெனப் பெருமானார் (ஸல்) அவர்கள் பணித்த செய்தி புகாரி, முஸ்லிம் ஆகிய இரு ஹதீஸ் நூல்களிலும் இடம்பெற்றுள்ளது. இன்று நம் இல்லங்களில் அம்பு இல்லை. ஆனால் திரைக்கம்பி மாட்டவும் அலமாரி பொருத்தவும் பயன்படும் டிரில் மிஷின் பல வீடுகளில் இருக்கிறது. அதன் முனையாகிய பிட்டை மாற்றும்போது அந்தப் பேணுதல் நம்மிடம் உண்டா?

எங்கள் தாயில்பட்டி வட்டாரப் பட்டாசு ஆலைகளில் மருந்தைக் கையாளும் அறைக்குள் பொறி கிளப்பும் இரும்புக் கருவிகள் ஆகா. மரமும் பித்தளையுமே ஏற்றவை. ஆலையில் அத்துணை விழிப்புடன் இயங்கும் கைகள், வீட்டிலே பிளக்கைக்கூடப் பிடுங்காமல் பிட்டைத் திருகுவது நியாயமா? விரல் தவறி விசையில் பட்டால் போதும், கையே முறுக்குண்டு போகும்!

ஆகவே முதற்கடமை, பிளக்கைப் பிடுங்குவது. சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. துளையிட்டு முடித்த பிட் கடுஞ்சூடாயிருக்கும், ஆறவிடுங்கள். சக்கின் பக்கவாட்டுத் துளையில் சாவியைப் பொருத்தி இடப்புறமாகத் திருப்பினால் உள்ளிருக்கும் மூன்று தாடைகளும் விரியும். பிட் கழன்று வரும். சுவருக்கு, இரும்புக்கு, மரத்துக்கு எனப் பிட்டுகள் வெவ்வேறு, வேலைக்குரியதைத் தேர்ந்தெடுங்கள். அதன் வழுவழுப்பான தண்டுப்பகுதி மூன்று தாடைகளுக்கும் நடுவே நேராக நிற்கட்டும். மூன்று துளைகளிலும் சாவியிட்டு மாறி மாறி இறுக்குங்கள். பின்பு சாவியை மறவாமல் எடுத்துவிடுங்கள்! மறந்தால் மிஷின் சுழன்றதும் அது பறந்து வந்து தாக்கும். சாவியில்லாத சக்காயின் கையாலேயே திருகலாம். அப்போதும் பிளக் வெளியேதான் இருக்க வேண்டும். முந்தானை, துப்பட்டா, தளர்ந்த சட்டைக்கை ஆகியவற்றைச் செருகிக்கொண்ட பின்னரே மிஷினை இயக்குங்கள்.

இந்தச் சாவிச் சக்குக்கு 1902ஆம் ஆண்டு காப்புரிமை பெற்றவர் ஆர்தர் இர்விங் ஜேக்கப்ஸ் என்ற அமெரிக்கர். பழைய சக்கை இறுக்கும்போது விரல் முட்டிகள் அடிபட்டதே அவரை இதற்குத் தூண்டியதாகச் சொல்வார்கள். தமக்கு நேர்ந்த காயத்தைக் கொண்டு பிறர் கைகளைக் காத்தவர் அவர்!

நம் ஊர் மக்களுக்கு இன்னுமொரு வார்த்தை. டிரில்லின் மோட்டாருக்குள் கார்பன் துண்டுகள் உரசிப் பொறி எழுவது இயல்பு. பட்டாசோ மருந்தோ இருக்குமிடத்தில் அதை இயக்கவே கூடாது. 2021 ஜூன் மாதம் தாயில்பட்டியில் ஒரு வீட்டில் பட்டாசு வெடித்து உயிர்கள் பறிபோனதை நாம் மறக்கலாமா? இத்தகைய பொருள்கள் வீட்டில் இருப்பதே ஆபத்து.

“அல்லாஹ் காப்பான்” என்பது நம் ஈமான். எனினும், ஒட்டகத்தைக் கட்டிய பின்பே தவக்குல் வைக்கும்படி கற்பிக்கப்பட்ட சமுதாயமல்லவா நாம்! நம் கைவிரல்கள் அவன் தந்த அமானிதம். பிளக்கைப் பிடுங்குவது அந்த அமானிதத்தைப் பேணுவதேயாகும்.