பழம் கொடுக்காதீர்கள்!

குழந்தை காசை விழுங்கிவிட்டது! வீட்டில் முதலில் என்ன நடக்கிறது? "வாழைப்பழம் கொடு. தள்ளிக்கொண்டு போய்விடும்" என்கிறார் பாட்டி. மீன் முள் என்றால் சோற்று உருண்டை.

தேனி மாவட்டம் ஜெயமங்கலம் பக்கம் வாழைப்பழத்துக்கா பஞ்சம்? பாட்டியின் அன்பையும் குறை சொல்ல முடியாது. ஆனால் இந்த வைத்தியம் வேண்டாம்.

பழம் தள்ளும் என்பது நிச்சயம் இல்லை. முள் இன்னும் ஆழமாகக் குத்தலாம். மேலும், சிக்கிய பொருளை எடுக்க டாக்டர் மயக்க மருந்து கொடுப்பார். வயிற்றில் பழம் இருந்தால் அது மேலே வந்து நுரையீரலுக்குள் போகும் ஆபத்து உண்டு. விரலை விட்டு வாந்தி எடுக்க வைப்பதும் தவறு.

அமெரிக்காவில் செவாலியர் ஜாக்சன் (1865-1958) என்று ஒரு டாக்டர் இருந்தார். குழந்தைகளும் பெரியவர்களும் விழுங்கிய ஊக்கு, ஆணி, காசு, பொத்தான் என்று 2 ஆயிரத்துக்கும் அதிகமான பொருட்களைச் சேர்த்து வைத்தார். பெரும்பாலும் கத்தி வைக்காமல், வாய் வழியே குழாயை விட்டு எடுத்தவை! பிலடெல்பியா அருங்காட்சியகத்தில் அவற்றை இன்றும் பார்க்கலாம்.

காசு என்றால் பெரும்பாலும் கொஞ்சம் அவகாசம் உண்டு. பொம்மையிலும் ரிமோட்டிலும் இருக்கும் வட்ட பேட்டரி அப்படி அல்ல. உள்ளே ஈரம் பட்டதும் மின்சாரம் ஓடும். அதில் உண்டாகும் காரம் சதையை அரிக்கும். 2 மணி நேரத்திலேயே உணவுக்குழாய் வெந்து புண்ணாகிவிடும்!

பேட்டரிக்கு மட்டும் ஒரு விலக்கு. 1 வயது தாண்டிய குழந்தை, விழுங்க முடிகிறது என்றால், போகிற வழியிலேயே 10 நிமிடத்துக்கு ஒரு முறை 2 டீஸ்பூன் தேன் கொடுக்கலாம். 6 முறைக்கு மேல் வேண்டாம். தேன் தேடிக் கடைக்கு ஓடவும் வேண்டாம்.

குழந்தைக்கு அழவோ பேசவோ முடியவில்லை, மூச்சு திணறுகிறது என்றால், சிக்கியது மூச்சுக்குழாயில். உடனே குனிய வைத்து, தோள்பட்டைகளுக்கு நடுவே முதுகில் தட்ட வேண்டும். மூச்சு சரியாக இருந்து எச்சில் ஒழுகினால் உணவுக்குழாய்.

பழத்தை விட மோசமானது பயம். அடி விழும் என்று பிள்ளை சொல்வதில்லை. மாமியார் ஏசுவார் என்று மருமகள் மறைக்கிறாள். அதற்குள் 2 மணி நேரம் போய்விடுகிறது! யார் கவனிக்கவில்லை என்ற விசாரணையைப் பிறகு வைத்துக்கொள்ளலாமே!

108-ஐக் கூப்பிடுங்கள். பெரியகுளம் அரசு ஆஸ்பத்திரியோ, கானாவிலக்கு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியோ, எது சீக்கிரமோ அங்கே போங்கள். விழுங்கியது போலவே இன்னொன்று வீட்டில் இருந்தால், டாக்டரிடம் காட்ட அதையும் கையோடு எடுத்துப் போங்கள்.