படம் காட்டாதீங்க சாமி!

ரெண்டு வாரமா ஆணி ஜாஸ்தி, அதான் இந்தப் பக்கம் தலைகாட்டலை. இன்னிக்குக் கொஞ்சம் புலம்பிக்கிறேன்.

ராம்நாட்டுல வீட்ல உக்காந்துதான் பொட்டி தட்டுறேன். போன மாசம் ராத்திரி ரெண்டு மணிக்கு போன். ஒரு சர்வீஸ் விழுந்து விழுந்து எந்திரிக்குது. லாக்ல 137. மெமரி லிமிட்டைத் தாண்டினதால கெர்னல் போட்டுத் தள்ளியிருக்கு. ஆர்கிடெக்சர் படத்தைத் திறந்தேன். கலர் கலரா அஞ்சு பெட்டி. நிஜத்துல ஓடினது எட்டு. படத்துல இருந்த ரெடிஸ் போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் ஆச்சு.

சரி, யாம்ல் கோப்பாவது உண்மை பேசும்னு போனா, அதுவும் பொய். மூணு மாசம் முன்னாடி ஒரு புண்ணியவான் அவசரத்துக்கு 'குபெசிடிஎல் எடிட்' போட்டு லிமிட்டை 512 எம்பியிலேர்ந்து 1024 ஆக்கியிருக்கார். கிட்ல இருக்கிற கோப்புல எழுதலை. அன்னிக்குச் சாயங்காலம் வேற எதுக்கோ நான் அப்ளை போட்டேன். கோப்புல இருந்த 512க்கே குபர்னெட்டிஸ் சமத்தா திருப்பி வச்சிருச்சு.

மறுநாள் மீட்டிங்ல பெரியவர் ஒருத்தர், "எல்லாரும் ஒழுங்கா டாகுமெண்டை அப்டேட் பண்ணுங்கப்பா"ன்னார். இங்கதான் எனக்குக் கடுப்பு. இது ஒழுக்கப் பிரச்சனையே இல்லைங்க. ஒரே விஷயத்தை மூணு இடத்துல கையால எழுதச் சொன்னா மூணும் மூணு விதமாத்தான் போகும். 2006ல ஈஜேபி 3.0 வர்ற வரைக்கும் ஜாவாக்காரங்க கிளாஸ்ல ஒரு தடவை, எக்ஸ்எம்எல்ல ஒரு தடவைன்னு எழுதி நொந்தாங்க. அவங்களுக்கு விமோசனம் அனொடேஷனால வந்தது, அட்வைஸால இல்ல. 2012 ஆகஸ்ட் 1ல அமெரிக்காவோட நைட் கேபிடல் கதை தெரியும்ல? எட்டு சர்வர்ல ஒண்ணுல மட்டும் புது கோடு ஏறலை. முக்கால் மணி நேரத்துல 44 கோடி டாலருக்கு மேல காலி.

ராமேஸ்வரத்துல எங்க சித்தப்பா விசைப்படகுல போறவர். மீன்துறை டோக்கன் வாங்கிட்டுத்தான் படகு கிளம்பணும். எழுத்து முதல்ல, படகு அப்புறம். ஒரு படகு திரும்பலைன்னா எந்தப் படகுன்னு கரையில தெரியுறது அதனாலதான். (டோக்கன் இல்லாமப் போறவங்களும் உண்டுதான். ஆனா அது தப்புன்னு போறவருக்கே தெரியும்.) "போயிட்டு வந்து எழுதிக்கிறேன்"னு நாம மட்டும்தான் சொல்றோம், பி.ஈ. படிச்சிட்டு!

படமே வேண்டாம், கோடுதான் டாகுமெண்ட்டுன்னு சொல்ற கோஷ்டியும் எனக்கு ஆகாது. எந்த சர்வீஸ் எதோட ஏன் பேசக்கூடாதுங்கிறதை எந்த யாம்லும் சொல்லாது. ஆக, படம் வேணும். ஆனா பவர்பாயிண்ட்ல வேண்டாம். பிளான்ட்யூஎம்எல் மாதிரி டெக்ஸ்டா எழுதி, யாம்ல் பக்கத்துலயே கிட்ல வைங்க. ரெண்டுலயும் இருக்கிற சர்வீஸ் பேரை ஒரு சின்ன ஸ்கிரிப்ட் ஒப்பிடட்டும். ஒண்ணு கூடினாலோ குறைஞ்சாலோ பில்டு ஊத்திக்கணும். ஓடுறது கோப்போட ஒத்துப்போகுதான்னு பாக்க ஆர்கோ சிடி இருக்கு, விலகினா 'அவுட்ஆஃப்சிங்க்'னு காட்டிக்கொடுத்துடும்.

ஸ்கிரிப்ட் எழுதிட்டேன், முப்பது வரிதான். புரொடக்‌ஷன்ல எடிட் உரிமையை எல்லார்கிட்டேருந்தும் பிடுங்கச் சொல்லி மெயிலும் போட்டாச்சு, என் பேரையும் சேர்த்து. அவசரத்துக்கு வேணும்னு பதில் வந்திருக்கு. எந்த அவசரம்னு கேட்டிருக்கேன்.