விபத்துக்குப் பின் ஓட்டுநரின் கடமை

வண்டி மோதி ஒருவருக்குக் காயம் ஏற்பட்டால், அவருக்குச் சிகிச்சை கிடைக்கச் செய்வதே ஓட்டுநரின் முதல் கடமை. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஆம் பிரிவு இதை வெளிப்படையாகச் சொல்கிறது. உதியன்குளங்கரை வழியாகச் செல்லும் திருவனந்தபுரம் – நாகர்கோவில் சாலையில் கேரளம், தமிழ்நாடு ஆகிய இரு மாநில வண்டிகளும் ஓடுகின்றன. எல்லையின் எந்தப் பக்கமானாலும் சட்டம் ஒன்றுதான். 108 ஆம்புலன்ஸ் எண்ணும் ஒன்றுதான்.

கழுத்திலோ முதுகிலோ அடிபட்டவரைக் கைகால் பிடித்துத் தூக்கி ஆட்டோவில் மடக்கி உட்காரவைப்பது மிகப் பெரிய கேடு. தண்டுவடம் மேலும் சேதமடைந்து, வாழ்நாள் முழுக்கப் படுக்கையில் கிடக்க நேரலாம். தீயோ வேறு ஆபத்தோ இல்லையென்றால், பின்னால் வரும் வண்டிகளுக்கு எச்சரிக்கை கொடுத்து, ரத்தக் கசிவைத் துணியால் அழுத்திப் பிடித்து, ஆம்புலன்ஸ் வரும்வரை அவரை அசைக்காமல் வைத்திருப்பதே நல்லது. செலவை எண்ணி யாரும் தயங்க வேண்டியதில்லை. 2025 மே மாதம் அறிவிக்கப்பட்ட மத்திய அரசுத் திட்டத்தின்படி, அங்கீகரிக்கப்பட்ட மருத்துவமனைகளில் விபத்து நடந்ததிலிருந்து ஏழு நாள்வரை, 1.5 லட்சம் ரூபாய்க்குள் கட்டணமின்றிச் சிகிச்சை பெறலாம்.

கூட்டம் கூடி அடிக்கும் என்ற பயம் பொய்யல்ல. சட்டமே அதை ஏற்று, அந்த நிலையில் ஓட்டுநர் விலகிச் செல்ல இடம் தருகிறது. ஆனால் அவர் போக வேண்டிய இடம் வீடல்ல, காவல் நிலையம். பாறசாலையோ நெய்யாற்றின்கரையோ, அருகிலுள்ள நிலையத்தில் இயன்றவரை விரைவாக, அதிகபட்சம் 24 மணி நேரத்துக்குள் தகவல் தர வேண்டும். தவறினால் 187ஆம் பிரிவின்படி ஆறு மாதம்வரை சிறை, அல்லது 5,000 ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். காப்பீட்டு நிறுவனத்துக்கும் பாலிசி எண், விபத்து நடந்த நாள், நேரம், இடம், காயமடைந்தவர் விவரம், ஓட்டுநர் உரிம விவரம் ஆகியவற்றை எழுத்தில் தெரிவிக்க வேண்டும். வண்டிகள் நின்ற நிலையைப் படம் எடுத்து வைத்துக்கொள்வது பின்னால் உதவும்.

சாலையோரத்திலேயே பணம் கொடுத்துப் பேசித் தீர்த்துக்கொள்ளும் வழக்கம் இருதரப்புக்கும் ஆபத்தானது. தலைக்குள் ஏற்படும் ரத்தக்கசிவு சில மணி நேரம் கழித்தே வெளியே தெரியலாம். அப்போது காப்பீடு கோர ஆவணம் எதுவும் கையில் இருக்காது. யாருக்கும் காயமில்லாமல் வண்டி மட்டும் நசுங்கியிருந்தாலும் கேரளத்தில் காவல் நிலையப் பொது நாட்குறிப்பில் பதிவு (ஜி.டி. என்ட்ரி) போட்டு வைப்பது நல்லது.

கேரளப் பக்கம் நடந்த விபத்தில் பாதிக்கப்பட்டவர் தமிழ்நாட்டின் களியக்காவிளைக்காரராக இருந்தால், அங்குள்ள காவல் நிலையம் ‘எல்லை எங்களுடையதல்ல’ என்று புகாரை மறுக்க முடியாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173ஆம் பிரிவு அதற்கு இடம் தரவில்லை. இழப்பீட்டு மனுவையும் விபத்து நடந்த இடத்தில்தான் தர வேண்டும் என்பதில்லை. தாம் வசிக்கும் பகுதியின் தீர்ப்பாயத்திலேயே தாக்கல் செய்யலாம். அதற்கு 2019ஆம் ஆண்டுத் திருத்தம் வைத்திருக்கும் கெடு, விபத்து நடந்த நாளிலிருந்து ஆறு மாதம்.