பிளவுண்ட சபையும் வராத ரயிலும்

கென்னடி நிலையத்தில் இறங்கி, கொட்டும் பனியிலே பேருந்துக்காக வரிசையில் நிற்கும் எம்மவர் பலர், பழைய ரயிலின் பழுதே இதற்குக் காரணம் என எண்ணுகின்றனர். நாம் அவ்வாறு கருதவில்லை. அந்த வரிசை நகரசபையின் வாக்கெடுப்புகளிலேயே தொடங்கிற்று.

1985இல் ஓடத் தொடங்கிய ஸ்காபரோ ரயில் முதுமையடைந்தபோது, அதற்குப் பதிலாக ஏழு தரிப்பிடங்களுடன் இலகு ரயில் அமைக்கத் திட்டமிடப்பட்டது. செலவை மாகாண அரசு ஏற்க முன்வந்தது. 2012இல் ஒப்பந்தமும் கைச்சாத்தாயிற்று. ஆயினும் மேயர் றொப் ஃபோர்ட்டின் காலத்தில், 2013 ஒக்ரோபரில், 24க்கு 20 என்ற வாக்குகளால் சபை அதனைக் கைவிட்டு, மூன்று தரிப்பிடங்கள் கொண்ட சுரங்க ரயிலைத் தெரிவுசெய்தது. 2016இல் அந்த மூன்றும் ஒன்றாகச் சுருங்கின. 2019இல் மாகாண அரசு மீண்டும் மூன்றாக்கி, செலவை 550 கோடி டொலர் என மதிப்பிட்டது. பழைய ரயிலோ இவர்களுக்காகக் காத்திருக்கவில்லை. 2023 யூலை 24இல் தடம்புரண்டது, பின்னர் ஓடவேயில்லை.

ஆறு நகரங்களை 1998இல் ஒன்றாக இணைத்தனர். மனங்கள் இணையவில்லை. நகர மையத்தாருக்கு உள்ளது எமக்கும் வேண்டும் என்ற புறநகரின் மனக்குறை நியாயமானதே. அந்த மனக்குறையை வாக்காக மாற்றத் தெரிந்தவர்களுக்குக் கணக்குப் பார்க்க மனமிருக்கவில்லை. (இது இந்நாட்டார்க்கு மட்டுமே உரிய நோயென எண்ணவேண்டாம். 2020 டிசெம்பரில் யாழ். மாநகரசபையின் வரவுசெலவுத் திட்டம் இரண்டாம் முறையும் தோற்று மேயர் பதவியிழந்ததையும், 21க்கு 20 என்ற வாக்குகளால் புதியவர் வந்ததையும் நாம் கண்டோம்.)

சுரங்க ரயிலுக்கென மூன்றாண்டுகளில் 1.6 வீதம் சொத்து வரி உயர்த்தச் சபை தீர்மானித்தது. வாடகைக்கு இருப்போர் தமக்கு இதில் என்ன என்று கேட்கலாம். வீட்டுக்காரர் வரியைத் தம் சட்டைப்பையிலிருந்து கட்டுவதில்லை; நிலக்கீழ் அறையின் வாடகைக்குள்ளும் அது ஒளிந்திருக்கிறது. அகதி விண்ணப்பம் முடிவாகாதவரும் இந்நகருக்கு வரி செலுத்துபவரே.

ஆனால் நகரசபைத் தேர்தலில் வாக்களிக்கக் குடியுரிமை வேண்டும். நிரந்தர வதிவிட உரிமை பெற்றோருக்கும் வாக்குரிமை வழங்குமாறு இதே சபை 2013இல் மாகாண அரசைக் கேட்டது. அது வழங்கப்படவில்லை. எனவே குடியுரிமை பெற்றுவிட்ட எம்மவர், வாக்குக் கேட்டு வாசலுக்கு வரும் வேட்பாளரிடம், ரயில் வேண்டுமா எனக் கேட்க அவரை விடாமல், அதற்கான பணம் எங்கிருந்து, எந்த ஆண்டில் வரும் எனத் தாம் கேட்கட்டும். வாக்கில்லாத உறவினரும் அதே வரிசையில்தான் நிற்கின்றனர்.