துண்டித்தது யார்?

"ஹலோ... ஹலோ... கேக்குதா? நீங்க பேசுறது எனக்குக் கேக்கல." பத்து விநாடி மௌனம். மறுபடியும் ஒரு ஹலோ. பொறுமை போய், நாமே சிவப்புப் பொத்தானை அழுத்திவிடுகிறோம். இந்த அழைப்பு எந்தக் கணக்கில் சேரும்? நிறுவனத்தின் பதிவேட்டைக் கேட்டால், வாடிக்கையாளர் பேசி முடித்துவிட்டு வைத்துவிட்டார் என்று சொல்லும். 'கால் டிராப்' பட்டியலில் அது ஏறாது.

2ஜி வலையமைப்பில் 'ரேடியோ லிங்க் டைம் அவுட்' என்று ஓர் அமைப்பு உண்டு. சிக்னல் நலிந்த பிறகு எவ்வளவு நேரம் காத்திருந்து இணைப்பு அறுந்துவிட்டதென்று அறிவிப்பது என்பதைத் தீர்மானிக்கும் எண் அது. அந்த எண்ணைக் கூட்டி வைத்தால், குரல் போன பின்னும் இணைப்பு உயிரோடு இருப்பதாகவே பதிவாகும். பேசுகிறவர் வெறுத்துப்போய்த் தானே வைத்துவிடுவார். துண்டிப்பு விகிதம் குறையும். கால் டிராப் நாடெங்கும் பேச்சாக இருந்த 2016 வாக்கில், இந்த எண்ணைக் கொண்டு துண்டிப்பு மறைக்கப்படுகிறது என்ற புகார் எழுந்தது. யார் செய்தார், யார் செய்யவில்லை என்ற விசாரணைக்குள் நாம் போகவில்லை. குளிரூட்டிய அறைக்குள் உட்கார்ந்து ஓர் எண்ணை மாற்றினால் ஒரு மாநிலத்தின் சேவைத் தரமே உயர்ந்ததுபோல் காட்டிவிட முடியும் என்பதே நம் கவலை.

ஆகவே நம் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். செல்போன் வலையமைப்பு எப்படி இயங்குகிறது என்பதை அளக்கும் வேலை அதை நடத்துகிறவர்களிடமும், அவர்களிடம் கணக்குக் கேட்கும் ஒரே ஓர் ஆணையத்திடமும் முடங்கிக் கிடக்கக் கூடாது. ஒவ்வொரு கோபுரத்தின் அளவீடும் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எடுத்துப் பார்க்கும்படி திறக்கப்பட வேண்டும்.

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் சும்மா இருந்தது என்று யாரும் சொல்ல முடியாது. அழைப்பு துண்டானால் 1 ரூபாய், ஒரு நாளைக்கு 3 முறை வரை இழப்பீடு என்று 2015இல் விதி கொண்டுவந்தது. 2016 மே மாதம் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. துண்டிப்புக்கு வாடிக்கையாளர் தரப்பும் காரணமாக இருக்கலாம், அழைப்புகளில் 2 சதவீதம் வரை துண்டாகலாம் என்ற வரம்புக்குள் நிற்கும் நிறுவனத்தையும் தண்டிப்பது எப்படி நியாயம் என்பது நீதிமன்றத்தின் பார்வை. அந்தத் தீர்ப்பு பலருக்குக் கசந்தது. ஆனால் அதில் ஒரு பாடம் இருக்கிறது: எந்த அழைப்பு, எந்த இடத்தில், எதனால் அறுந்தது என்று காட்டத் தெரியாதவரை யாரிடமும் எந்த இழப்பீடும் நியாயமாகக் கேட்க முடியாது.

அந்த 2 சதவீதத்தையே எடுத்துக்கொள்வோம். முன்பு அது ஒரு தொலைத்தொடர்பு வட்டம் முழுவதற்குமான சராசரி. தமிழ்நாடு வட்டம் என்றால் சென்னை, புதுச்சேரி எல்லாம் சேர்ந்தது. அண்ணா சாலையில் ஒரு கோபுரம் ஒரு மணி நேரத்தில் கையாளும் அழைப்புகளைக் கொல்லிமலைக் கோபுரம் நாள் முழுக்கவும் பார்க்காது. இரண்டையும் கூட்டி வகுத்தால் மலையில் நடப்பது நகரத்தின் எண்ணிக்கைக்குள் காணாமல் போய்விடும். இதை உணர்ந்துதான் டிராய் 2017இல் கணக்கை மாற்றியது. கோபுரத்தின் ஒவ்வொரு முகமும் ஒரு 'செல்'. ஆக, கணக்கு செல்வாரியாக வந்தது. 90 சதவீத நாட்களில் 90 சதவீத செல்களில் துண்டிப்பு 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 97 சதவீத செல்கள் 90 சதவீத நாட்களில் 3 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும். சராசரியைவிட இது பல மடங்கு நேர்மையான கணக்கு. பாராட்டுகிறோம். பாராட்டிவிட்டு ஒரு கேள்வியும் கேட்கிறோம்: மிச்சமிருக்கும் 3 சதவீத செல்கள் எங்கே இருக்கின்றன?

அவை இன்று ஓர் ஊரிலும் நாளை வேறோர் ஊரிலும் என்று சிதறிக் கிடந்தால் பெரிய குறை இல்லை. மாதா மாதம் அதே மலையடிவாரம், அதே மீனவர் குப்பம், அதே நகரின் அதே நெரிசல் சந்து என்றால், விதிக்கு உட்பட்டே ஓர் ஊர் நிரந்தரமாகக் கைவிடப்படுகிறது. இதைச் சொல்லக்கூடிய பட்டியல் நிறுவனங்களின் கணினிகளில் ஒவ்வொரு நாளும் தானாகவே எழுதப்பட்டுக்கொண்டிருக்கிறது. வெளியே வருவது சுருக்கம் மட்டும்.

2024இல் வந்த புதிய தர விதிகள் இன்னும் ஓர் அடி முன்னே போயின. 2ஜி முதல் 5ஜி வரை எங்கே கிடைக்கும் என்ற வரைபடத்தை நிறுவனங்கள் தங்கள் இணையதளத்தில் வெளியிட வேண்டும். மாவட்ட அளவில் 24 மணி நேரத்துக்கு மேல் சேவை முடங்கினால் இழப்பீடு உண்டு. நல்லது. ஆனால் வரைபடத்தை வரைபவர் யார்? கோபுரத்தின் உயரம், ஆண்டெனாவின் சாய்வு, நிலத்தின் மேடுபள்ளம் இவற்றைக் கணினியில் ஏற்றி, அலை இவ்வளவு தூரம் போகும் என்று கணிக்கிறார்கள். கணிப்பு வேறு, கையிலிருக்கும் போன் வேறு. விருப்பமுள்ளவர்கள் ஆண்ட்ராய்டு போனின் செட்டிங்ஸில் சிம் நிலை காட்டும் பக்கத்தைத் திறந்து பார்க்கலாம். வாசலில் நிற்கும்போது மைனஸ் 80 என்று காட்டும் சிக்னல், கான்கிரீட் வீட்டின் உள்ளறைக்குப் போனதும் மைனஸ் 110 ஆகலாம். முப்பதுதானே குறைந்தது என்று தோன்றும். அந்த அளவுகோலில் முப்பது குறைவது என்பது ஆயிரத்தில் ஒரு பங்காகச் சுருங்குவது. மாடிப்படியில் நாலாவது படியில் நின்றால்தான் பேச முடியும் என்று கண்டுபிடித்து வைத்திருக்கும் குடும்பங்களுக்கு இந்தக் கணக்கில் பாடமே தேவையில்லை.

வரைபடத்தை நம்பி ஏமாந்த கதை அமெரிக்காவில் இருக்கிறது. கிராமப்புற செல்போன் சேவைக்காக சுமார் 453 கோடி டாலர் மானியம் ஒதுக்கி, எந்தெந்தப் பகுதிக்குத் தேவை என்பதை நிறுவனங்கள் கொடுத்த வரைபடங்களைக் கொண்டு முடிவுசெய்ய அந்நாட்டுத் தகவல்தொடர்பு ஆணையம் கிளம்பியது. வெர்மான்ட் மாநில அரசு ஊழியர் ஒருவர், காரில் ஆறு போன்களை வைத்துக்கொண்டு 2018இல் சுமார் 6,000 மைல் ஓட்டினார். வரைபடம் 'உண்டு' என்ற பல இடங்களில் போன் 'இல்லை' என்றது. பிறகு ஆணையத்தின் ஊழியர்களே பல மாநிலங்களில் ஏறக்குறைய 10,000 மைல் சுற்றினார்கள். சேவை இருப்பதாக வரையப்பட்டிருந்த இடங்களில் அவர்கள் செய்த சோதனைகளில் 62.3 சதவீதம் மட்டுமே குறைந்தபட்ச வேகத்தை எட்டின. 2019 டிசம்பரில் ஆணையமே இதை அறிக்கையாக வெளியிட்டது. மறு ஆண்டே சட்டம் வந்தது. வரைபடத்தைப் பொதுமக்கள் தங்கள் போனில் அளந்தே மறுத்துரைக்க இன்று அங்கே வழி இருக்கிறது. நம் விதிகளில் வரைபடம் வந்துவிட்டது, அப்படி அளந்து மறுத்துரைக்கும் வழி வரவில்லை.

டிராய் அமர்த்தும் முகமைகளும் இங்கே காரில் கருவிகளை ஏற்றிச் சென்று அளக்கத்தான் செய்கின்றன. முடிவுகள் அறிவிக்கவும் படுகின்றன. கார் சாலையில் போகிறது. மக்கள் வீட்டுக்குள்ளிருந்து பேசுகிறார்கள். சோதனை பெரும்பாலும் பகலில் நடக்கிறது; வலையமைப்பு மூச்சுத் திணறுவது இரவு ஒன்பது மணிக்கு, எல்லார் கையிலும் வீடியோ ஓடும்போது. இந்த இடைவெளியை நிரப்பப் பத்துக் கார்களைக் கூட்டினால் போதாது. ஆராய்ச்சி வேண்டும்.

இந்தத் துறையின் ஆராய்ச்சி தொடங்கியதே அளவீட்டில்தான். கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலைபார்த்த ஏ. கே. எர்லாங் என்ற டென்மார்க் கணிதவியலாளர், ஏணி சுமந்துவரும் ஓர் ஆளோடு நகரத் தெருக்களில் சுற்றி, பாதாளக் குழிகளில் இறங்கித் தானே அளவு எடுத்தவர். இத்தனை இணைப்புகள் இருந்தால், இத்தனை பேர் அழைத்தால், எத்தனை பேருக்கு 'லைன்' கிடைக்காமல் போகும் என்று கணக்கிடும் சூத்திரத்தை அவர் 1917இல் வெளியிட்டார். கவனிக்க: வெளியிட்டார். தொழில் ரகசியம் என்று அவருடைய நிறுவனம் பூட்டி வைத்திருந்தால் பிற நாடுகள் அதை எடுத்தாண்டிருக்க முடியாது. தொலைபேசிச் சுமையை அளக்கும் அலகுக்கு இன்றும் அவர் பெயர்தான்.

நம்மிடமும் சாதித்தவர்கள் இருக்கிறார்கள். 5ஜிக்கான தகுதித் தேர்வை சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் வகுத்தபோது, 'கிராமப்புறம்' என்பதற்கு அதன் அடிப்படைக் கற்பனை இது: கோபுரங்களுக்கிடையே 1,732 மீட்டர், நெடுஞ்சாலையில் மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார். அது யாருடைய கிராமம்? சென்னை ஐஐடி உள்ளிட்ட இந்திய ஆய்வாளர்கள் நம் கிராமத்தை எடுத்து முன்வைத்தார்கள்: கோபுரங்களுக்கிடையே 6 கிலோமீட்டர், நடந்து போகிற மனிதர், வீட்டுக்குள் இருக்கிற போன். 2017இல் ஒன்றியத்தின் மதிப்பீட்டு ஆவணத்தில் இதுவும் ஒரு நிலையாக ஏறியது. அதற்கு ஈடுகொடுக்க இங்கே உருவான '5ஜிஐ' தரமும் பின்னர் உலகப் பொதுத் தரத்தோடு இணைந்தது. 2022 மே மாதம், சென்னை ஐஐடி தலைமையில் எட்டு நிறுவனங்கள் சேர்ந்து 220 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட செலவில் கட்டிய 5ஜி சோதனைக்களமும் திறக்கப்பட்டது.

நம் ஊரைப் பார்த்துச் செய்த ஆராய்ச்சி உலகத் தரத்தையே அசைத்தது என்றால், அந்தத் தரத்தில் ஓடும் வலையமைப்பு நம் ஊரில் எப்படி ஓடுகிறது என்று பார்க்க அதே ஆய்வாளர்களுக்கு ஏன் கதவு திறப்பதில்லை? வளாகத்துக்குள் சோதனைக்களம் இருக்கிறது; வளாகச் சுவருக்கு வெளியே ஓடும் நிஜமான வலையமைப்பின் தரவுக்கு மாணவர்கள் நிறுவனங்களின் தயவை எதிர்பார்க்க வேண்டியிருக்கிறது.

மறுப்புகள் வரும். முதலாவது, பாதுகாப்பு: கோபுர விவரம் வெளியே போகலாமா? கதிர்வீச்சு அச்சத்தைப் போக்குவதற்காக 2017இல் 'தரங் சஞ்சார்' என்ற தளத்தைத் திறந்து, கோபுரங்களை வரைபடத்தில் காட்டியது மத்திய அரசேதான். கோபுரம் எங்கே இருக்கிறது என்று சொல்லலாம், அது வேலை செய்கிறதா என்று மட்டும் சொல்லக் கூடாதா? இரண்டாவது, தொழில் ரகசியம். அலைக்கற்றை நாட்டுடையது; 2022இல் நிறுவனங்கள் சுமார் 1.5 லட்சம் கோடி ரூபாய்க்கு ஏலம் எடுத்தது அதைப் பயன்படுத்தும் உரிமையைத்தான். வாடகைக்கு விட்ட வீட்டில் தண்ணீர் ஒழுகுகிறதா என்று உரிமையாளர் கேட்பதற்கு ரகசியக் காப்பு பதிலாகாது.

மூன்றாவது மறுப்பு கனமானது: தனியுரிமை. 15 லட்சம் பேரின் கைபேசித் தடங்களை ஆராய்ந்த ஐரோப்பிய, அமெரிக்க ஆய்வாளர்கள், பெயரையும் எண்ணையும் நீக்கிய பின்னும் நேரமும் இடமுமாக நான்கே நான்கு புள்ளிகள் தெரிந்தால் 95 சதவீதம் பேரைத் தனித்து அடையாளம் காண முடியும் என்று 2013இல் காட்டினார்கள். ஆகவே தனிநபர் அழைப்புப் பதிவு எதையும் நாம் கேட்கவில்லை. கொடுக்க முன்வந்தாலும் கூடாது என்போம். கேட்பது ஒவ்வொரு செல்லின் மணிவாரிக் கணக்கு மட்டும்: எத்தனை அழைப்பு முயலப்பட்டது, எத்தனை சேர்ந்தது, எத்தனை அறுந்தது, எத்தனை மௌனத்தில் முடிந்தது, எவ்வளவு நேரம் செல் இயங்கவில்லை. அதில் எந்த மனிதரும் இல்லை.

காசு இல்லை என்றும் சொல்ல முடியாது. கிராமங்களுக்குச் சேவை கொண்டுசெல்ல நிறுவனங்களின் வருவாயிலிருந்து வசூலாகும் நிதி, இப்போது 'டிஜிட்டல் பாரத் நிதி' என்ற பெயரில் இருக்கிறது. அதிலிருந்து தொழில்நுட்ப ஆராய்ச்சிக்கென்று ஒரு பங்கு 2022 முதல் ஒதுக்கப்படுகிறது. புதிய கருவி செய்கிறவர்களுக்குக் கொடுப்பதில் ஒரு பகுதியை, இருக்கும் கருவி எப்படி ஓடுகிறது என்று பார்ப்பவர்களுக்கும் டிராயும் தொலைத்தொடர்புத் துறையும் திருப்பிவிட வேண்டும். எதிலிருந்து தொடங்குவது என்பதற்கு நம்மிடம் விடை இருக்கிறது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்துக்குள் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு நூற்றுக்கணக்கான பயணிகள் சிக்கினார்கள். தூத்துக்குடி மாவட்டத்தின் பல ஊர்களில் ஆள் உயிரோடு இருக்கிறாரா என்று கேட்கக்கூட போன் எடுக்கவில்லை. எந்தக் கோபுரம் எத்தனை மணிக்கு நின்றது? பேட்டரி தீர்ந்ததாலா, டீசல் கொண்டுபோக வழியில்லாமலா, கேபிள் அறுந்ததாலா? பக்கத்துக் கோபுரம் அந்தச் சுமையைத் தாங்கியதா, தாங்காமல் படுத்ததா? ஒவ்வொன்றுக்கும் நிமிடக் கணக்கில் பதில் பதிவாகியிருக்கும். அந்த இரண்டு நாள் பதிவை அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஆய்வாளர்கள் கையில் கொடுங்கள்.