பழைய ஐபாடைப் புது லேப்டாப்பில் செருகுமுன்



இந்த மாதம் மட்டும் மூன்று பேர் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டீர்கள். ஒருத்தி என் அண்ணன் மருமகள். மற்ற இருவர் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவர்கள், இன்று தலை நரைத்த பெரிய மனிதர்கள். "டீச்சர், வீட்டுல பழைய ஐபாட் ஒண்ணு கிடக்கு. புது லேப்டாப்போட அதை எப்படி சிங்க் பண்றது?" தனித்தனியாக வாட்ஸ்அப்பில் தட்டி விரல் வலித்துவிட்டது. எல்லோருக்கும் சேர்த்து இங்கே எழுதிவிடுகிறேன். நீளமாகத்தான் இருக்கும். மணி அடிக்கிறவரை யாரும் எழுந்து போகக் கூடாது.

என் பதில் இதுதான்: சிங்க் செய்யாதீர்கள். முதலில் உள்ளே இருப்பதை வெளியே எடுத்து வையுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

சிங்க் என்பதை ஒத்திசைவு என்று தமிழில் எழுதுகிறார்கள். அழகான சொல். இசை என்றால் பாட்டு, இசைதல் என்றால் உடன்படுதல். ஆனால் ஐபாடுக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவே நடப்பது உடன்பாடு அல்ல. கம்ப்யூட்டர் கரும்பலகை, ஐபாட் சிலேட்டு. பலகையில் என்ன இருக்கிறதோ அதுதான் சிலேட்டில் இருக்க வேண்டும். சிலேட்டில் முன்பே எழுதியிருந்ததை எச்சில் தொட்டு அழித்துவிட வேண்டும். கம்ப்யூட்டரில் ஐடியூன்ஸ் வைத்திருக்கும் பாட்டுப் பட்டியல்தான் அசல், ஐபாட் அதன் நகல் என்ற எண்ணத்தில்தான் இதை அமைத்தார்கள்.

நீங்கள் வாங்கியிருக்கும் புது லேப்டாப்பில் அந்தப் பட்டியல் இருக்காது. கரும்பலகை காலி. பழைய ஐபாடைச் செருகினால், இது வேறொரு பட்டியலோடு இணைக்கப்பட்டது, இதை அழித்துவிட்டு இந்தக் கம்ப்யூட்டரோடு இணைக்கட்டுமா என்று ஆங்கிலத்தில் ஒரு கேள்வி வரும். "எரேஸ் அண்ட் சிங்க்" என்று ஒரு பொத்தான் இருக்கும். சிங்க் பண்ணத்தானே வந்தோம் என்று அதை அமுக்கினால் கதை முடிந்தது. பதினைந்து வருடச் சேகரிப்பு போய், காலிப் பட்டியல் உள்ளே ஏறிவிடும். பக்கத்திலேயே "டிரான்ஸ்ஃபர் பர்ச்சேசஸ்" என்று இன்னொன்று இருக்கும். அது நம்மைக் காப்பாற்றும் என்று நினைக்க வேண்டாம். அந்தக் கம்பெனியின் கடையில் காசு கொடுத்து வாங்கிய பாட்டுகளை மட்டுமே அது எடுத்துக்கொடுக்கும். நம்மில் யார் அங்கே வாங்கினோம்? சிடியிலிருந்தும் கேசட்டிலிருந்தும் ஏற்றியதுதானே எல்லாம். நீங்கள் அமுக்க வேண்டிய பொத்தான் "கேன்சல்".

ஏன் இப்படிச் செய்தார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஒருபக்கமாகப் பேசினால் நியாயமில்லை. முதல் ஐபாட் 2001 அக்டோபரில் அறிமுகமானது. நாப்ஸ்டர் மாதிரி வழிகளில் உலகமே பாட்டுகளை ஓசியில் பரிமாறிக்கொண்டிருந்த நேரம். இசைக் கம்பெனிகள் கொதித்துப்போயிருந்தன. அதனால் "பாட்டைத் திருடாதீர்கள்" என்று அந்த ஐபாடின் உறையிலேயே அச்சடித்து விற்றார்கள். ஒரு வீட்டில் ஏற்றிக்கொண்டு போய் இன்னொரு வீட்டில் இறக்கக் கூடாது என்பதற்காகப் போக்கை மட்டும் வைத்து வரவை மூடினார்கள். பரீட்சை ஹாலில் நாலு பேர் பிட் வைத்திருக்கிறான் என்பதற்காக நாற்பது பிள்ளைகளின் சட்டைப் பையையும் உதறும் கண்காணிப்பாளர் மாதிரி. அன்றைக்கு அதற்கு ஒரு காரணம் இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். 2009-லிருந்து அவர்களே எல்லாப் பாட்டுகளையும் பூட்டில்லாமல் விற்க ஆரம்பித்துவிட்டார்கள். ஆனாலும் இந்த ஒருவழிப் பாதை மட்டும் மாறவே இல்லை.

இதில் பெரிய தப்புக்கணக்கு ஒன்று இருக்கிறது. கம்ப்யூட்டர் நிரந்தரம், கையில் வைத்திருக்கும் பெட்டிதான் போகக்கூடியது என்று நினைத்தார்கள். நம் வீடுகளில் நடந்தது தலைகீழ். என் தம்பி துபாயிலிருந்து 2008 தொடக்கத்தில் கொண்டுவந்து கொடுத்த 80 ஜிபி ஐபாட் கிளாசிக் இன்றைக்கும் பாடுகிறது. அதில் பாட்டு ஏற்றிய கம்ப்யூட்டர் மதர்போர்டு எரிந்து பழைய இரும்புக்காரரிடம் போய்ப் பல வருடம் ஆகிறது. அசல் செத்துப்போய் நகல் உயிரோடு இருக்கிறது. அப்படியானால் நகல்தானே இப்போது அசல்?

என் ஐபாடில் என்ன இருக்கிறது என்று சொன்னால்தான் நான் ஏன் இவ்வளவு பதறுகிறேன் என்று புரியும். இளையராஜா பாட்டு நிறைய இருக்கிறது. அது போனால் போகட்டும், எங்கே வேண்டுமானாலும் கிடைக்கும். 1990-களின் தொடக்கத்தில் நம் மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தது பெரியவர்களுக்கு நினைவிருக்கும். புதுக்கோட்டைக் கிராமங்களில் பெண்கள் எழுத்துக் கற்றுக்கொண்டதோடு சைக்கிளும் கற்றுக்கொண்டு ரோட்டில் இறங்கிய காலம். அப்போது ராத்திரி வகுப்புகளில் பெண்கள் பாடியதையும், நம் பள்ளி ஆண்டு விழாவில் நீங்கள் செய்த வில்லுப்பாட்டையும் டேப்ரெக்கார்டரில் பதிந்து வைத்திருந்தேன். மொத்தம் மூன்று கேசட். நம் பழைய மாணவர் ஒருவர் 2009-ல் அவற்றை எம்பி3 ஆக மாற்றி அந்தக் கம்ப்யூட்டரில் போட்டு, ஐபாடிலும் ஏற்றிக் கொடுத்தார். கேசட்டுகளில் பூஞ்சை பிடித்துவிட்டது. கம்ப்யூட்டர் போய்விட்டது. மிச்சம் இருந்தது ஐபாடில் இருந்த 41 பதிவுகள் மட்டும்.

"இப்பத்தான் எல்லாமே ஃபோன்ல கிடைக்குதே பெரியம்மா, இந்த டப்பாவை வெச்சுக்கிட்டு ஏன் மல்லுக்கட்டுறீங்க?" என்று என் தங்கை மகன் கேட்டான். சந்தா கட்டிப் பாட்டுக் கேட்கிற தலைமுறை, அவனைக் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தக் கடலில் நம் ஊர்ப் பெண்கள் பாடியது எங்கே இருக்கிறது, தேடிக் கொடு என்றேன். பேசாமல் காபியைக் குடித்தான். டவுனில் ஒரு சர்வீஸ் கடையில் காட்டினபோது, "இதெல்லாம் இனிமே வேலைக்கு ஆகாதும்மா, தூக்கிப் போட்டுடுங்க" என்றார்கள். வேலை செய்கிற பொருளைத் தூக்கிப் போடச் சொல்கிறவர்களிடம் எதற்குக் கூலி கொடுக்க வேண்டும்?

வெளியே எடுப்பது எப்படி என்று பார்ப்போம். ஐபாட் டச் தவிர மற்ற ஐபாட் எல்லாம் ஒரு வகையில் பெரிய பென்டிரைவ்தான். கிளாசிக், நானோ, ஷஃபிள் எல்லாம் இந்த வகை. ஐடியூன்ஸ் இல்லாத கம்ப்யூட்டரில் செருகினால் ஒரு டிரைவாகத் தெரியும். அதனால் ஐடியூன்ஸை முதலில் நிறுவிவிடாதீர்கள். எனக்கு இந்த வேலைக்கு உதவியது புது லேப்டாப் அல்ல. அரசாங்கம் 2011-ல் ஆரம்பித்த விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குக் கிடைத்த பழைய லேப்டாப்தான். அகலமான யூஎஸ்பி துளை அதில் நேராகவே இருக்கிறது. புது லேப்டாப்பில் டைப்-சி துளை மட்டும் இருந்தால் மாற்றி ஒன்று வாங்க வேண்டும். நாலு துளை வைத்த மலிவான ஹப்பில் செருக வேண்டாம். கிளாசிக்குக்குள் சுழலும் ஹார்டு டிஸ்க் இருக்கிறது, கரண்ட் போதாவிட்டால் பாதியில் துண்டித்துக்கொள்ளும். ரொம்ப நாள் சார்ஜ் இல்லாமல் கிடந்திருந்தால் சார்ஜரில் சிறிது நேரம் விட்டு வைத்த பிறகு தொடங்குங்கள்.

டிரைவைத் திறந்தால் காலியாக இருக்கிற மாதிரி தெரியும். பயப்பட வேண்டாம், பாட்டுகள் மறைத்து வைக்கப்பட்டிருக்கின்றன. விண்டோஸ் 11-ல் மேலே வியூ, ஷோ, ஹிடன் ஐட்டம்ஸ் என்று போக வேண்டும். மேக்கில் கமாண்ட், ஷிஃப்ட், புள்ளி மூன்றையும் சேர்த்து அமுக்க வேண்டும். "ஐபாட் கண்ட்ரோல்" என்று ஒரு ஃபோல்டர் வரும். அதற்குள் "மியூசிக்". அதற்குள் எஃப்00, எஃப்01 என்று வரிசையாக ஃபோல்டர்கள். உள்ளே பார்த்தால் பாட்டின் பெயர் எதுவும் இருக்காது, நாலு நாலு எழுத்தாக அர்த்தமில்லாமல் கிடக்கும். யாரோ வேண்டுமென்றே கலைத்துப்போட்ட வருகைப் பதிவேடு மாதிரி. ஆனால் பாட்டின் பெயரும் பாடியவர் பெயரும் ஒவ்வொரு ஃபைலுக்குள்ளும் பெரும்பாலும் எழுதப்பட்டே இருக்கும். அந்த "மியூசிக்" ஃபோல்டரை அப்படியே காப்பி செய்து லேப்டாப்பில் போடுங்கள். கட் செய்யாதீர்கள், காப்பி. நிறையப் பாட்டு இருந்தால் சில மணி நேரம் ஆகும். பிறகு விஎல்சியில் போட்டுப் பார்த்தால் பெயர்கள் தெரியும். எம்பி3டேக் என்ற இலவச மென்பொருள், உள்ளே இருக்கும் பெயரையே ஃபைலின் பெயராக மொத்தமாக மாற்றித் தரும்.

ஐடியூன்ஸ் ஏற்கெனவே இருக்கும் விண்டோஸ் கம்ப்யூட்டர் என்றால், ஐபாடைச் செருகும்போது கண்ட்ரோல், ஷிஃப்ட் இரண்டையும் அமுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள். தானாக சிங்க் ஆகாது. அதன் பிரிஃபரன்சஸில் டிவைசஸ் பகுதியில் தானியங்கி சிங்கை நிரந்தரமாகத் தடுக்கும் கட்டம் ஒன்றும் இருக்கிறது, அதையும் டிக் செய்து வையுங்கள்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு தனி எச்சரிக்கை. மேக்கில் தயார் செய்த ஐபாடை விண்டோஸில் செருகினால் அதற்குப் படிக்கத் தெரியாது. இந்த டிஸ்க்கை ஃபார்மட் செய்யட்டுமா என்று கேட்கும். படிக்கத் தெரியாததை அழித்துவிடலாம் என்று நினைக்கிற புத்தி! வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஒரு மேக்கைத் தேடிப் போங்கள். விண்டோஸில் தயார் செய்த ஐபாட் மேக்கிலும் திறக்கும், அங்கே சிக்கல் இல்லை. 2019-ல் வந்த கேட்டலினாவிலிருந்து மேக்கில் ஐடியூன்ஸே கிடையாது. பாட்டுகள் மியூசிக் என்ற செயலிக்குப் போய்விட்டன, ஐபாடை ஃபைண்டரில் தேட வேண்டும். 2001, 2002-ல் வந்த ஐபாட் யாரிடமாவது இருந்தால், அதற்கு ஃபயர்வயர் துளை வேண்டும். இன்றைய லேப்டாப்பில் அது இல்லை. பழைய மேக் வைத்திருக்கும் நண்பரைத்தான் பிடிக்க வேண்டும்.

எல்லாம் பத்திரமாக வெளியே வந்த பிறகு அந்தப் புதுப் பாட்டு ஆசைக்கு வாருங்கள். ஐடியூன்ஸிலோ ஃபைண்டரிலோ பாட்டுகளை நாமே நிர்வகிக்கிறோம் என்ற மேனுவல் தேர்வைப் போட்டுக்கொண்டால் வேண்டியதை இழுத்துப் போடலாம். அந்த மாற்றத்தைச் செய்யும்போதும் அழிக்கட்டுமா என்று கேட்டாலும் கேட்கும். ஆனால் அப்போது உங்கள் கையில் பிரதி இருக்கும், தைரியமாகப் பதில் சொல்லலாம். கம்ப்யூட்டர் படித்த பிள்ளைகள் ராக்பாக்ஸ் என்ற இலவச மென்பொருளைப் பாருங்கள். பல பழைய ஐபாடுகளில் அதைப் போட்டுவிட்டால் ஐடியூன்ஸ் தொல்லையே இல்லாமல் ஃபோல்டர் ஃபோல்டராகப் பாட்டைப் போட்டுக் கேட்கலாம்.

வேடிக்கை என்னவென்றால், அந்தக் காலத்தில் சென்னை ரிச்சி தெருவில் பெயர் தெரியாத எம்பி3 பிளேயர்கள் விற்றார்களே, சுவிங்கம் பாக்கெட் அளவில், அவை இன்றைக்கும் எந்தக் கம்ப்யூட்டரில் செருகினாலும் பென்டிரைவ் மாதிரி திறக்கின்றன. யாரும் அழிக்கட்டுமா என்று கேட்பதில்லை. அழகிலும் ஒலியிலும் ஐபாட் பக்கத்தில் அவை நிற்க முடியாது. ஆனால் நம் பொருளை நம்மிடமே திருப்பிக் கொடுப்பதில் அவற்றுக்குத்தான் முதல் மார்க் போடுவேன். விலை அதிகம் கொடுத்தவர்களுக்குச் சாவி இல்லாத பெட்டி, சந்தில் வாங்கியவர்களுக்குத் திறந்த பெட்டி.

இதைத் தள்ளிப் போடாதீர்கள் என்பதற்கும் காரணம் இருக்கிறது. கிளாசிக்கில் சுழலும் தட்டு என்றைக்கு நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. காதில் வைத்தால் டிக் டிக் என்று சத்தம் வர ஆரம்பித்திருந்தால் பாட்டுக் கேட்பதை நிறுத்திவிட்டு அன்றைக்கே காப்பி எடுங்கள். அந்த மாடலைக் கம்பெனி 2014-லேயே நிறுத்திவிட்டது. 2022-ல் ஐபாட் என்ற பெயரையே மூட்டை கட்டிவிட்டார்கள். இனிமேல் அதற்காக யாரும் வேலை செய்யப்போவதில்லை.

என் 41 பதிவுகளும் இப்போது மூன்று இடத்தில் இருக்கின்றன: பக்கத்து வீட்டுப் பெண் காப்பி எடுத்துக் கொடுத்த பென்டிரைவ் ஒன்று என் பீரோவில், ஒன்று தம்பி வீட்டில், இன்னொரு பிரதி கூகுள் டிரைவில். அவற்றில் ஏழெட்டுப் பதிவுகளுக்குப் பெயரே போடவில்லை. 1993 ஆண்டு விழா வில்லுப்பாட்டில் குடம் அடித்த பையன் நடுவில் தாளம் தப்பி, தானே சிரித்துவிடுகிறான். கூட்டமும் சிரிக்கிறது. அந்தச் சிரிப்பு யாருடையது என்று எனக்கு ஒரு ஊகம் இருக்கிறது, ஆனால் சொல்ல மாட்டேன். அந்த வருடம் ஐந்தாம் வகுப்பில் இருந்தவர்கள் எனக்குத் தனியாகச் செய்தி அனுப்புங்கள், பதிவை அனுப்புகிறேன். கேட்டுவிட்டு யார் என்று நீங்களே சொல்லுங்கள். பின்பாட்டுப் பாடிய மூன்று பெண் பிள்ளைகளின் பெயரும் வேண்டும். ஒரு குரலை என்னால் கண்டுபிடிக்கவே முடியவில்லை.

அன்புடன்,
உங்கள் டீச்சர்