"பொறுத்துப் போ" என்று இனிச் சொல்ல வேண்டாம்

பத்தாம் திகதி சம்பள நாள். அன்று பின்னேரம் தவறணை வாசலில் நிற்கும் கூட்டத்தைப் பற்றியும், இரவில் லயத்தில் கேட்கும் சத்தத்தைப் பற்றியும் இந்தப் பத்திரிகை அதிகம் எழுதியதில்லை. சம்பளத்தை எப்படிக் கூட்டுவது என்று பக்கம் பக்கமாக எழுதுகிறோம். அது அடுப்படி வரை வந்து சேருகிறதா என்று கேட்பதில்லை.

எமது காரியாலயத்துக்கு வரும் தோழியர் சிலர் சம்பளக் கழிவைப் பற்றித்தான் பேச்சைத் தொடங்குவார்கள். கொஞ்ச நேரம் பேசினால் உண்மையான விஷயம் வெளியே வரும். வீட்டுக்காரர் குடிக்கிறார். கடைக் கொப்பியில் அவர் பெயரில் ஏறிய கடனை இவர் கட்டுகிறார். காலையில் அவர் எழும்பாவிட்டால் "காய்ச்சல்" என்று கணக்கப்பிள்ளையிடம் பொய் சொல்வதும் இவர்தான். இரவில் சத்தம் போட்டால் பக்கத்துக் காம்பராவுக்கு வெட்கப்பட்டு கால் போத்தலுக்குக் காசு எடுத்துக் கொடுப்பதும் இவர்தான்.

கொழுந்து மலையில் நிரை பிடித்தால் இது என் நிரை, அது உன் நிரை என்று எல்லாருக்கும் தெரியும். வீட்டில் மட்டும் இரண்டு பேருடைய நிரையையும் ஒருத்தியே எடுக்கிறாள். எல்லை போடுவது என்று நாம் சொல்வது, அவர் நிரையை அவரிடமே விட்டுவிடுவதைத்தான். "குடிக்காதே" என்பது எல்லை அல்ல. அது அவர் செய்ய வேண்டிய வேலை. கோவிலில் கற்பூரம் அடித்தும், பிள்ளையின் தலையில் கை வைத்தும் அவர் செய்த சத்தியங்கள் எத்தனை என்று உங்களுக்கே தெரியும். "குடிக்கக் காசு தர மாட்டேன். உங்கள் கடையை நான் கட்ட மாட்டேன். பெரட்டில் உங்களுக்காகப் பொய் சொல்ல மாட்டேன். குடித்துவிட்டு வந்தால் அன்றிரவு பேச மாட்டேன், பிள்ளைகளோடு அம்மா வீட்டுக்குப் போய்விடுவேன்." இவை எல்லை. இவற்றைச் செய்வது உங்கள் கையில் இருக்கிறது.

வெறியில் இருப்பவரிடம் இதைச் சொல்லிப் பயனில்லை. காலையில், தெளிந்திருக்கும்போது, சண்டை இல்லாமல், சுருக்கமாகச் சொல்லுங்கள். காக்க முடிந்ததை மட்டும் சொல்லுங்கள். மூன்று நாள் மறுத்துவிட்டு நான்காம் நாள் காசைக் கொடுத்தால், நான்கு நாள் கத்தினால் காசு வரும் என்றுதான் அவர் படித்துக்கொள்வார். முதல் சில வாரங்கள் சத்தம் கூடத்தான் செய்யும். அதைத் தெரிந்துகொண்டே தொடங்குங்கள்.

காசில் இருந்துதான் தொடங்க வேண்டும். 1984ஆம் ஆண்டுப் போராட்டத்துக்குப் பிறகே தோட்டத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் சம நாட்சம்பளம் கிடைத்தது. அந்தச் சம்பளத்தை வீட்டுக்காரர் போய்க் கையெழுத்துப் போட்டு வாங்கும் பழக்கம் அதற்குப் பிறகும் ஓயவில்லை. உழைத்தவர் கையிலேயே சம்பளத்தைக் கொடுக்க வேண்டும் என்பது சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டம். உங்கள் பெயரில் ஒரு வங்கிக் கணக்கைத் திறந்து, சம்பளத்தை அதில் போடும்படி கேளுங்கள். மறுத்தால் தோட்டத் தலைவர் மூலம் எமக்கு அறிவியுங்கள்.

அடி விழும் வீட்டில் இவ்வளவும் போதாது. ஒரே காம்பராவில் மூடிக்கொள்ள இன்னொரு கதவில்லை. அடையாள அட்டை, பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம், வங்கிப் புத்தகம் மூன்றையும் நம்பிக்கையான ஒரு வீட்டில் முன்கூட்டியே வைத்துவிடுங்கள். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை பெறலாம். அது 12 மாதம் வரை செல்லும். அவர் வீட்டுக்குள் வருவதையே தடுக்கவும் நீதவானுக்கு அதிகாரம் உண்டு. உங்களுக்காகப் பொலிஸாரும் விண்ணப்பிக்கலாம். முறைப்பாட்டைத் தமிழில் கொடுப்பது உங்கள் உரிமை; விளங்காத மொழியில் எழுதியதில் கையெழுத்துப் போடாதீர்கள். அவசரத்துக்கு 119. பெண்களுக்கான உதவி இலக்கம் 1938.

இன்னொன்று. பல வருடம் நாள் தவறாமல் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் கை நடுங்கும், வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். விட விரும்புகிறவரை வைத்தியசாலைக்குக் கூட்டிப் போங்கள். அவர் விட விரும்பும் நாளில் பக்கத்தில் நிற்பது வேறு, குடிக்கும் நாளில் காசு கொடுப்பது வேறு.

"மலைக் குளிர், உடம்பு வலி, அதனால்தான் குடிக்கிறோம்" என்று சகோதரர்கள் சொல்கிறார்கள். அதே மழையில் அதே மலையில் கூடை சுமந்து நிற்பவளுக்கு வலி இல்லையா? அவள் ஆறு மணிக்கு வந்து அடுப்பு மூட்டுகிறாள். குடிக்கும் பெண்களும் இருக்கிறார்கள் என்பது உண்மை. அந்த வீட்டு ஆண்களுக்கும் நாம் சொல்வது இதேதான்.

கடைசியாக எம்மைப் பற்றி. அழுதுகொண்டு வந்த பெண்ணிடம் "குடும்பம் என்றால் அப்படித்தான், பிள்ளைகளுக்காகப் பொறுத்துப் போ" என்று சொல்லித் திருப்பி அனுப்பிய தலைவர்கள் எமது சங்கத்திலும் இருக்கிறார்கள். அவள் பல நாள் யோசித்துப் போட்ட எல்லையை அந்த ஒரு வார்த்தை உடைத்துவிடுகிறது. அடுத்த நாள் அவர் அதையே சொல்லிக் காட்டுகிறார்: "தலைவரே சொல்லிட்டாரு." தேர்தல் காலத்தில் லயத்துக்கு போத்தல் வந்தபோது நாமும் கண்ணை மூடிக்கொண்டிருந்தோம். கசிப்பு காய்ச்சும் இடம் தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும், தலைவருக்கு மட்டும் தெரியாது!

எனவே எல்லாத் தோட்டக் கமிட்டிகளையும் கேட்டுக்கொள்கிறோம். அடுத்த மாதக் கூட்டத்தில் இதை முதலாவது விடயமாக எடுங்கள். மாதர் தலைவி இல்லாமல் அந்தக் கூட்டத்தை நடத்த வேண்டாம். இரவில் ஒரு பெண் பிள்ளைகளோடு வெளியே வந்தால் அவள் போய்த் தங்குவதற்கு ஒவ்வொரு லயத்திலும் ஒரு வீட்டைப் பேசி வையுங்கள். சங்கத்தின் எந்த நிகழ்ச்சியிலும் சாராயம் இருக்கக் கூடாது. எடுத்த தீர்மானத்தை அடுத்த சம்பள நாளுக்கு முன் காரியாலயத்துக்கு எழுதி அனுப்புங்கள்.